திருத்தணிக்காரருக்கு எந்தப் படம்?

சித்திரை பிறந்துவிட்டால் மாலைச் செய்திகளில் திருத்தணியின் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். வெயில் சதம் அடித்த ஊர்கள் என்று வேலூரையும் கரூர் பரமத்தியையும் சொல்லும்போது கூடவே இந்த முருகன் மலை ஊரையும் சொல்வார்கள். அந்த ஊர் டீக்கடையில் நின்று, வெயிலைப் பற்றித் தமிழில் வந்த நல்ல படம் எது என்று கேட்டால், 2006-ல் வசந்தபாலன் எடுத்த 'வெயில்' என்று பதில் வரும். தலைப்பிலேயே இருக்கிறதே! 'கூழாங்கல்' என்று சொல்பவர் பத்தில் ஒருவர் இருந்தாலே அதிகம்.

பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்' மொத்தமே ஒன்றேகால் மணி நேரம். குடிகார அப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவரக் கிளம்புகிறான். போன இடத்தில் சண்டை. திரும்பி வர பஸ்ஸுக்குக் காசில்லை. மேலூர்ப் பக்கத்துப் பொட்டலில், கண் கூசும் வெயிலில், இருவரும் முன்னும் பின்னுமாக நடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். வழியில் பையன் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து, வெயிலை அதில் வாங்கி, முன்னால் போகும் அப்பனின் முதுகில் அடிக்கிறான். எதிர்த்துப் பேச முடியாத பிள்ளை தன் அப்பனுக்குக் கொடுக்கும் அடி அது. தாகம் தெரியாமல் இருக்க ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான்.

இந்தப் படம் 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம். அதே ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. 2023-ல் ஓடிடிக்கு வந்தது. படத்தைச் சிபாரிசு செய்கிறவர்கள் எல்லாரும் இந்த வரிசையைத்தான் ஒப்பிக்கிறார்கள்: ராட்டர்டாம், ஆஸ்கர், ஓடிடி. ராட்டர்டாம் எங்கே, திருத்தணிப் பக்கத்து கே.ஜி. கண்டிகை எங்கே? மே மாத மதியத்தில் செருப்பில்லாமல் தார்ச்சாலையைக் கடந்தவருக்கு இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தி விருது இல்லை, அந்தக் கண்ணாடிச் சில்லு. அதைச் சொன்னால் பார்ப்பார். விருதைச் சொன்னால், "அப்படியா, நல்லது" என்று டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அதிகம் பேர் அறியாத படங்களைச் சிபாரிசு செய்யும் கலை தமிழில் கெட்டுப்போயிருப்பது இந்த இடத்தில்தான். படத்தை முன்னால் வைக்கிறார்கள். பார்க்கப் போகிறவர் யார், எந்த ஊர், என்ன தொழில், எத்தனை மணிக்கு அவருக்கு ஓய்வு என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வைத்தியர்கூட நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார்.

பட்டியல்கள் பெருகிவிட்டன. 'நீங்கள் தவறவிட்ட 25 தமிழ்ப் படங்கள்' என்று எதைத் திறந்தாலும் அதே பத்துப் படங்கள் வரிசை மாறி நிற்கின்றன. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் ஓடி, வசனம் மனப்பாடமாகிவிட்ட ஒரு படத்தை இன்னும் 'யாரும் கண்டுகொள்ளாத படம்' என்று சொல்வது வேடிக்கை. 2010-ல் வசூலில் சறுக்கிய 'ஆயிரத்தில் ஒருவன்' 2021-ன் கடைசி நாளில் மறுபடி திரைக்கு வந்து விசிலடி வாங்கியது. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) தணிக்கைக் குழுவோடு மல்லுக்கட்டி வெளிவந்து, திரையரங்கில் காற்று வாங்கி, பிறகு இரண்டு தேசிய விருதுகளை வாங்கியது. இன்று விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் எந்த மாணவரும் அதைப் பார்க்காமல் தேர்வு எழுதுவதில்லை. இவை எல்லாம் நல்ல படங்களே. ஆனால் இவற்றுக்கு இனிமேல் சிபாரிசு தேவையில்லை.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துவிட்டது. ஓடாத படம் எல்லாம் 'கல்ட்' ஆகிவிடுகிறது. 1975-ல் படுத்துப்போன 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஒரு திரையரங்கின் நள்ளிரவுக் காட்சியில் மறுபடி உயிர்பெற்று, வேஷம் கட்டிக்கொண்டு வரும் ரசிகர்களால் பல்லாண்டு ஓடியது. கல்ட் என்ற பட்டம் அப்படி ஒரு கூட்டம் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்ததால் கிடைத்தது. இங்கே தயாரிப்பாளரே மறுவெளியீட்டுப் போஸ்டரில் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்கிறார். ஓடாத படங்களில் முக்கால்வாசி, ஓடாமல் போனது நியாயம்தான். ஊர்ப் பெயர்களையே தலைப்பாக வைத்துவந்த பேரரசு, 2012-ல் பரத்தை வைத்து 'திருத்தணி' என்று ஒரு படம் எடுத்தார். அதுவும் ஓடவில்லை. திருத்தணிக்காரர்கள்கூட அதைக் கல்ட் என்று கொண்டாடவில்லை. அவர்களுடைய நிதானம் பாராட்டத்தக்கது.

நல்ல சிபாரிசுக்குத் தமிழில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஒளிப்பதிவாளர் செழியன் 2000-களின் நடுவில் ஆனந்த விகடனில் 'உலக சினிமா' என்று தொடர் எழுதினார். ஈரானியப் படத்தையும் பிரெஞ்சுப் படத்தையும் காட்சி காட்சியாகக் கதை சொல்வார். அந்தப் படங்களின் டிவிடியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆயிரக்கணக்கான வாசகர்கள், பஸ்ஸிலும் முடிதிருத்தகத்திலும் உட்கார்ந்து அவற்றை வாசித்தார்கள். முடிவைச் சொல்லிவிட்டாரே என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. இன்றைக்கு ஒரு வரி கூடுதலாகச் சொன்னால் 'ஸ்பாய்லர்' என்று கூச்சல் போடுகிறார்கள். கொலையாளி யார் என்ற முடிச்சில் நிற்கும் படத்துக்கு அந்தப் பயம் சரி. அப்பனும் மகனும் வெயிலில் நடக்கும் படத்தில் கெடுத்துவிட என்ன இருக்கிறது? பெயரே கேள்விப்படாத படத்தை ஒருவர் பார்க்க வேண்டுமானால் அவர் காதில் கொஞ்சமாவது கதை விழ வேண்டும். பெரிய படங்களுக்கான ஒழுங்கைச் சின்னப் படங்களின் மேல் சுமத்தியதில் நஷ்டப்பட்டது சின்னப் படங்கள்தான்.

செழியன் எழுதியதோடு நிற்கவில்லை. சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு சின்னக் குடும்பத்தை வைத்து, பின்னணி இசையே இல்லாமல், 'டு லெட்' என்ற படத்தை எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 2019-ல் திரைக்கு வந்தது. வீட்டுக்காரர்களிடம் அவதிப்பட்ட யாருக்கும் அதைத் தயங்காமல் சொல்லலாம். மற்றவர்களிடம், "மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் தூர்தர்ஷன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்களை ஆங்கில எழுத்துகளோடு போடும். வங்காளமும் மலையாளமும் அசாமியும் தமிழ் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்களில் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். மீதிப் பேரில் சிலருக்கு வாழ்நாள் முழுவதற்குமான பித்துப் பிடித்தது. ஆனால் அதே தூர்தர்ஷன், இயக்குநர் ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை'யை ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. 1977-ல் வந்து தேசிய விருது பெற்ற தமிழ்ப் படம் அது. வெங்கட் சாமிநாதன் எழுதினார், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பேராசிரியராக நடித்தார். தாயை இழந்த ஒரு கழுதைக் குட்டியைப் பேராசிரியர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுவருகிறார். வாய் பேசாத ஒரு பெண் அதை வளர்க்கிறாள். ஊர் அதை அடித்துக் கொல்கிறது. பிறகு அதே ஊர் அதைக் கும்பிடுகிறது. இணையத்தில் சுற்றும் தேய்ந்த பிரதியில், அங்கங்கே தட்டுத்தடுமாறும் நடிப்போடு பார்த்தாலும் அந்தப் படத்தின் குத்தல் மழுங்கவில்லை.

சிபாரிசு என்ற விஷயத்தில் திருத்தணிக்கே சினிமாவை விடப் பழைய வரலாறு ஒன்று உண்டு. அருணகிரிநாதர் பதினாறாயிரம் திருப்புகழ் பாடினார் என்பது மரபு. இன்று கையில் இருப்பது சுமார் 1,300. அந்த அளவுக்காவது கிடைக்கக் காரணம், முனிசீப்பாக இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை. ஊர் ஊராக ஏட்டுச்சுவடிகளைத் தேடி எடுத்து, 1890-களில் அச்சேற்றத் தொடங்கினார். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை அதற்கு உரை எழுதி, 'தணிகைமணி' என்று இந்த ஊரின் பெயரையே பட்டமாகச் சுமந்தார். அப்பாவும் மகனும் செய்தது சேகரிப்பு. அதைச் சனங்களின் வாயில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைகளுக்கு வணக்கம் போட ஓடியவர்களைப் பார்த்து, முதல் வணக்கம் தணிகை மலைத் துரைக்குப் போகட்டும் என்று, 1917 டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழாவைத் தொடங்கினார். 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறும் அந்த வழக்கம் நூறாண்டைத் தாண்டி நடக்கிறது.

சுவாமிகள் திருப்புகழின் 'தலைசிறந்த நூறு பாடல்கள்' என்று பட்டியல் போடவில்லை. பாட்டுக்கு ஓர் இரவைக் கொடுத்தார், ஒரு மலையைக் கொடுத்தார், கூடப் பாட ஆட்களைக் கொடுத்தார். சினிமாவுக்கும் இது பொருந்தும். எந்தப் படம் என்பதோடு எங்கே, யாரோடு, எப்போது என்பதும் சேர்ந்தால்தான் சிபாரிசு முழுமையாகும்.

அப்படியானால் திருத்தணிக்கு எவை?

நெசவிலிருந்து தொடங்கலாம். ஊரைச் சுற்றிப் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி எல்லாம் தறி ஓடும் ஊர்கள். காஞ்சிபுரமும் எட்டிவிடும் தூரம்தான். பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' சிறந்த படத்துக்கான தேசிய விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதையும் வாங்கியது. மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டி அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து நாளுக்குக் கொஞ்சமாகப் பட்டு நூலை வாய்க்குள் ஒதுக்கிக் கடத்துகிறான். வாசலில் சோதனை போடுகிறார்கள்; வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வெளியே போகிறான். ஊரெல்லாம் உடுத்தும் புடவையை நெய்கிறவன் வீட்டில் ஒரு முழம் பட்டு இல்லை என்ற கணக்கை, வசனமே இல்லாமல் அந்த மூடிய வாய் சொல்லிவிடுகிறது. விருது அறிவிக்கப்பட்டபோது பேசிய அளவுக்குப் படத்தைப் பார்த்தவர்கள் கிடையாது. பாவு, ஊடை, தறிக்குழி எல்லாம் விளக்கம் இல்லாமலே புரியும் பார்வையாளர்கள் தமிழ்நாட்டின் இந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்கு ஜோடியாகத் தெலுங்கில் ஒரு படம். 2019-ல் வந்த 'மல்லேசம்'. தெலங்கானா நெசவாளர் சிந்தகிந்தி மல்லேசத்தின் நிஜ வாழ்க்கை. புடவைக்கு நூலை முளைகளில் சுற்றி எடுக்க அவர் அம்மா லட்சுமி நாள் முழுக்கக் கையை இப்படியும் அப்படியுமாக ஆயிரக்கணக்கான தடவை வீச வேண்டும். தோள் தேய்ந்துபோகிறது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட மகன், அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் கண்டுபிடித்து அம்மா பெயரையே வைக்கிறார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிரியதர்ஷி நடித்திருக்கும் இந்தப் படம் கலைப்படக்காரர்களுக்குக் கொஞ்சம் இனிப்பாகப் படும். படட்டும். தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கப்போகும் அம்மாக்கள் இருக்கும் வீடுகளில் இது வேறு மாதிரி பார்க்கப்படும்.

எல்லையோரத்தில் பிறந்தவர்களுக்கு இருக்கும் ஒரு சலுகை சென்னைத் திரைப்பட ரசிகர்களுக்கு இல்லை. திருத்தணியில் தமிழில் பேரம் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவர்கள் சாதாரணம். அவர்களுக்குத் தெலுங்குப் படம் பார்க்கத் திரையின் அடியில் எழுத்து ஓட வேண்டியதில்லை. ஆனால் தெலுங்கு என்றால் வெடித்துச் சிதறும் கார்கள்தான் என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வங்காளத்தின் மிருணாள் சென், பிரேம்சந்தின் 'கஃபன்' கதையை எடுத்துக்கொண்டு 1977-ல் தெலுங்கில் 'ஒக ஊரி கத' எடுத்தார். உழைத்தால் பண்ணையார் வயிறுதான் நிறையும் என்று சொல்லி வேலைக்கே போகாமல் படுத்துக் கிடக்கும் அப்பனும் மகனும். கன்னட நடிகர் வாசுதேவ ராவ் அந்த அப்பனாக வருகிறார். பார்த்தபின் சோறு இறங்காது. ஆகவே ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பது உத்தமம். இன்னொரு பக்கம், 2018-ல் வெங்கடேஷ் மஹா விசாகப்பட்டினத்தின் ஒரு பேட்டையில், அந்தப் பேட்டை ஆட்களையே நடிக்கவைத்து எடுத்த 'கேராஃப் கஞ்சரபாலம்' இருக்கிறது. நாலு வெவ்வேறு வயதுகளில் நாலு காதல்கள். மொத்தக் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கலாம். இரண்டையும் ஒரே பட்டியலில், ஒரே மூச்சில், ஒரே ஆளிடம் சொல்வதைப் போல அநியாயம் கிடையாது.

சொல்லப்போனால், தமிழின் முதல் பேசும் படமே திருத்தணி பஸ் நிலையத்தைப் போலத்தான் பேசியது. 1931 அக்டோபர் 31 அன்று வந்த 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார். அன்று பார்த்தவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். சிபாரிசு செய்ய ஆசைதான். பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ல். அதற்காக வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ. சிவஞானத்தின் பெயர் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு தெரியும். அவர் வ.உ.சி.யைப் பற்றி எழுதிய நூல்தான் அடுத்த ஆண்டே பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' ஆனது. சிவாஜி செக்கிழுத்தார். படம் நஷ்டப்பட்டது. எல்லையில் ஜெயித்தவரின் புத்தகம் டிக்கெட் கவுன்டரில் தோற்றது. இன்று சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் தொலைக்காட்சியில் போடுகிறார்கள் என்பதால் அது பிரபலமான படம் என்று ஒரு தோற்றம் இருக்கிறது. உட்கார்ந்து முழுதாகப் பார்த்த இளைஞர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

முருகன் ஊரில் பக்திப் படத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சாண்டோ சின்னப்பா தேவர் 1972-ல் எடுத்த 'தெய்வம்' முருகன் தலங்களின் கதைகளைக் கோத்த படம். அதன் விசேஷம், பாடகர்களே திரையில் தோன்றிப் பாடுவது. மதுரை சோமு உட்கார்ந்து கையை வீசி மருதமலை முருகனைக் கூப்பிடும் காட்சி, ஒரு பெரிய சங்கீத வித்வானின் உடல்மொழிக்குக் கிடைத்த அருமையான ஆவணம். பாட்டைக் காதால் கேட்டவர்கள் கோடிப் பேர். அவர் முகத்தைத் திரையில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கிருத்திகைக்குக் கிருத்திகை காவடி எடுப்பவர்களுக்கு இதைவிட எளிதாக ஒரு படத்தைச் சொல்லிவிட முடியாது.

அதே பக்தருக்கு அடுத்த படியாக மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). பக்திப் படம் என்று அதை யாரும் வகைப்படுத்துவதில்லை. ஆனால் சமீபத்திய தமிழ்ப் படங்களில் முருகன் உண்மையாகவே நடமாடும் படம் அதுதான். செத்துக் கிடந்த மயில்களைக் கிழவர் மாயாண்டி மண்ணில் புதைக்கிறார். மயிலைக் கொன்றதாக அவர்மேலேயே வழக்கு. நெல் நாற்றுக்குத் தண்ணீர் விட ஆளில்லையே என்பதைத் தவிரக் கோர்ட்டில் அவருக்கு வேறு கவலை இல்லை. நீதிபதி ஒரு போலீஸ்காரரை அனுப்பிப் பயிருக்குத் தண்ணீர் விடச் சொல்கிறார். விஜய் சேதுபதி, பைகளைச் சுமந்துகொண்டு முருகனைத் தேடி அலையும் பித்தனாக வருகிறார். மாயாண்டியாக வாழ்ந்த நல்லாண்டி நடிகர் அல்ல, விவசாயி. படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார்; தேசிய விருதுக் குழு பிறகு அவரைச் சிறப்பித்துக் குறிப்பிட்டது. நடுவில் படம் கொஞ்சம் இழுக்கிறது என்று சொன்னால் அதன் அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். இழுக்கத்தான் செய்கிறது. அதையும் சொல்லித்தான் சிபாரிசு செய்ய வேண்டும். குறையை மறைத்து விற்கப்பட்ட படத்தைப் பார்த்து ஏமாந்தவர், அடுத்த முறை சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

பெண்களிடம் எந்தப் படத்தைச் சொல்வது என்று யாரும் யோசிப்பதே இல்லை. அறியப்படாத படங்களின் உலகம் பெரும்பாலும் ஆண்களின் சங்கமாகவே நடக்கிறது. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த சி. ருத்ரய்யா 1978 தீபாவளிக்குக் கொண்டுவந்த 'அவள் அப்படித்தான்' பற்றி ஆண்கள் எழுதிய பக்கங்களுக்குக் கணக்கில்லை. கமலும் ரஜினியும் இருந்தும் கறுப்பு வெள்ளையில் வந்து, கூட்டம் சேராமல் தவித்த படம். ருத்ரய்யா அதற்குப் பிறகு 1980-ல் 'கிராமத்து அத்தியாயம்' எடுத்தார். வேறு படம் எடுக்காமலே 2014-ல் காலமானார். ஆனால் 'அவள் அப்படித்தான்' படத்தின் நடுவில் நிற்பது ஸ்ரீபிரியாவின் மஞ்சு. நல்லவன் கெட்டவன் என்று எந்த ஆணும் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லும் அந்த வேலைக்குப் போகும் பெண்ணை, காலை மின்சார ரயிலில் திருத்தணியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் பெண்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? அவர்கள் கருத்து இதுவரை எந்தக் கட்டுரையிலும் வந்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு தடை இருக்கிறது. சொன்ன படம் கையில் கிடைக்க வேண்டும். ஜெயகாந்தன் இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) தேசிய அளவில் பாராட்டுப் பெற்றது. பார்த்தவர்களைவிடக் கேள்விப்பட்டவர்களே அதிகம். 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டின் நெகட்டிவும் போய்விட்டதைப் பாலு மகேந்திராவே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். பக்கத்து மாநிலத்தில் அரவிந்தனின் 'கும்மாட்டி'யையும் 'தம்பு'வையும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சுத்தம்செய்து புதிதாக்கி, உலகமே பார்க்கும்படி செய்திருக்கிறது. இங்கே 'அக்ரஹாரத்தில் கழுதை'க்கு அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை. நடிகர்களுக்குச் சிலை வைக்கும் மாநிலத்தில் படங்களின் நெகட்டிவுக்கு ஒரு குளிரூட்டிய அறை இல்லாதது வெட்கக்கேடு.

இடம்? ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கி, கேரளத்துக் கிராமங்களில் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, பார்த்தவர்களிடம் உண்டியல் குலுக்கி, அந்தப் பணத்தில் 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். அதே 'தி கிட்' படத்தோடு தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படத் திட்டம் 2022-ல் தொடங்கியது. பள்ளியில் புரொஜக்டர் இருக்கிறது, ஊரில் நூலகக் கட்டடம் இருக்கிறது. வீட்டில் கட்டிய ஓடிடி சந்தாவைக் கொண்டுவந்து பொது மண்டபத்தில் படம் ஓட்ட முடியாது. உரிமையாளரிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். கேட்டால் சின்னப் படங்களின் இயக்குநர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். வந்து உட்கார்ந்து பேசவும் செய்வார்கள். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர், ரயிலிலேயே வந்துவிடலாம்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும். முதல் மாதம் 'மல்லேசம்', தறிக்காரக் குடும்பங்களை நேரில் போய் அழைத்து. இரண்டாவது மாதம் 'காஞ்சிவரம்'. ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் 'கடைசி விவசாயி'. 'அவள் அப்படித்தான்' போடும் நாளில் முதல் மூன்று வரிசையும் பெண்களுக்கு. 'ஒக ஊரி கத' கார்த்திகைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'அக்ரஹாரத்தில் கழுதை'யைக் குறைந்தது ஓராண்டாவது தள்ளிவைப்பது புத்திசாலித்தனம். அதற்குள் கூட்டம் நிலைத்துவிட்டிருந்தால், படம் முடிந்ததும் நடக்கப்போகும் சண்டையில் எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருக்க ஒரு முப்பது பேராவது இருப்பார்கள்.